கேம்பாய் அட்வான்ஸ்: வந்த கேம்களும் வராமல் போன கேம்களும்

பண்டாரவளை வாசகர் ஒருவர் எழுதியது: "ஜிபிஏவில் விளையாட வேண்டியதை எல்லாம் விளையாடி முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது கம்பனிக்காரர்கள் பாதியில் கைவிட்ட கேம்கள்தான். உண்மையான சரக்கு அதில்தான் இருந்தது, பயந்துபோய் மூடிவிட்டார்கள் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்கிறீர்களா?"

2025 மே 4

இல்லை. "எல்லாம் முடித்துவிட்டேன்" என்பதையே முதலில் நம்பமாட்டேன். ஜிபிஏ, அதாவது நிண்டெண்டோவின் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க கேம் பெட்டி, 2001 மார்ச்சில் ஜப்பானில் வந்தது. அட்வான்ஸ் வார்ஸ், மெட்ரொய்ட் பியூஷன், காஸில்வேனியாவில் அரியா ஒவ் சொரோ, இந்த மூன்றை மட்டும் ஒழுங்காக முடித்தவர் என் வட்டத்தில் யாரும் இல்லை.

கைவிடப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்து பாருங்கள். கார்ட்டூனை வைத்துச் செய்தது, படம் ஓடும்போதே விற்றுவிடலாம் என்று செய்தது, பிளேஸ்டேஷனில் ஓடியதை நசுக்கி ஜிபிஏவுக்குள் திணிக்கப் பார்த்தது என்று இவைதான் கண்ணில் படும். ஓடாத குதிரை ஓடியிருந்தால் ஜெயித்திருக்கும் என்று சொல்ல யாருக்கும் காசு செலவாகாது.

2025 மே 4, இரவு

சூடாக எழுதியிருப்பதாகக் கேள்வி கேட்ட பண்டாரவளைத் தம்பி குறைப்படுகிறார். சூடு இருக்கட்டும். ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும்: கைவிடப்பட்ட கேம் என்றால் குப்பைக்கூடைக்குப் போனது என்று நினைக்கிறோம். பல நேரம் அது சட்டையை மாற்றிக்கொண்டு வேறு பெயரில் கடைக்கு வந்திருக்கும்.

நிண்டெண்டோவுக்குக் கேம் செய்துகொண்டிருந்த ரேர் கம்பனியைப் பாருங்கள். டொங்கி கொங் என்ற குரங்கின் உறவுக்காரர்களை வைத்து விமானப் பந்தயக் கேம் ஒன்று செய்தார்கள், பெயர் டிடி கொங் பைலட். 2001இல் அமெரிக்கக் கண்காட்சியில் காட்டினார்கள். 2002 செப்டெம்பரில் மைக்ரோசொப்ட் 37.5 கோடி டொலர் கொடுத்து ரேரை வாங்கியது. குரங்குகள் நிண்டெண்டோவின் சொத்து, அவற்றை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆகவே குரங்கு இருந்த இடத்தில் தங்கள் சொந்தப் பாஞ்சோ கரடியை உட்கார வைத்து, 2005இல் பாஞ்சோ பைலட் என்று வெளியிட்டார்கள். அதே வீட்டில் டொங்கி கொங் கொக்கநட் கிராக்கர்ஸ் என்று ஒரு புதிர்க் கேமும் இருந்தது. அது இட்ஸ் மிஸ்டர் பான்ட்ஸ் ஆனது. தேங்காய் போய் உள்ளாடை வந்தது.

நிண்டெண்டோவும் இதே வேலை பார்த்தது. 2002இல் காட்டிய டொங்கி கொங் பிளஸ் வரவேயில்லை. ஆனால் 2004இல் மரியோ வர்சஸ் டொங்கி கொங் வந்தபோது அந்தப் பழைய உடம்பு அதற்குள் இருந்தது.

இதையெல்லாம் எந்தப் பட்டியலில் போடுவீர்கள்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

2025 மே 6

"நீங்கள் இதையெல்லாம் எங்கே விளையாடினீர்கள், கொட்டகலையில் ஜிபிஏ கடை இருந்ததா" என்று ஒருவர் கிண்டலாகக் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் ஜிபிஏ கசட் புதிதாக, பெட்டியோடு விற்று நான் பார்த்ததில்லை. சித்தப்பா டுபாயில் வேலைக்கு இருந்தார், லீவில் வரும்போது ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய மொடல், திரைக்குப் பின்னால் லைட் இல்லாதது. ஹட்டனிலிருந்து கொட்டகலைக்கு ரயிலில் விளையாடிக்கொண்டு வந்தால், சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் திரை கறுத்துவிடும். வெளியே வரும்போது ஆள் செத்திருப்பான். அதில் ஓடிய கசட்டுகள் பெரும்பாலும் சீனத்துக் கள்ளக் கொப்பி. ஒன்றில் சேவ் ஆகவே ஆகாது. கரண்ட் இருக்கும் வீட்டுக்காரன் மாதிரி பற்றரியை அணைக்காமல் வைத்திருந்து முடிக்க வேண்டும்.

அப்புறம் சோனியின் கையடக்கப் பெட்டியான பிஎஸ்பி வந்தது. மலையகத்தில் ஜிபிஏவை ஓட்டிய பெட்டி என்று நான் சொல்வது அதைத்தான். ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடை. போட்டோ கொப்பி, ரீலோட், அதற்குப் பக்கத்தில் ஒரு கொம்பியூட்டர். அந்த அண்ணன் பிஎஸ்பியைத் திறந்து கஸ்டம் பேர்ம்வேர், அதாவது சோனி அனுமதிக்காததையும் ஓட்டவிடும் மென்பொருள், போட்டுக் கொடுப்பார். மெமரி ஸ்டிக்கில் ஜிபிஎஸ்பி என்ற எமுலேட்டரும் (ஜிபிஏ கேமை வேறு மெஷினில் ஓட்டும் மென்பொருள்) ஒரு கட்டு ஜிபிஏ கேமும் ஏற்றிக் கொடுப்பார். கேமுக்கு இவ்வளவு என்று காசு. அவர் வைத்திருந்த போல்டரில் வந்தது எது, வராதது எது என்று பிரித்து வைத்திருக்கவில்லை. அகரவரிசைதான். டிடி கொங் பைலட் அதில் இருந்தது, பாஞ்சோ பைலட் இல்லை.

அதாவது அமெரிக்காவில் கடைக்கு வந்த கேம் எனக்குக் கிடைக்கவில்லை. யாருக்கும் விற்கப்படாத கேம் ஹட்டன் கடையில் கிடைத்தது. வந்தது, வராதது என்ற கோடு நிண்டெண்டோ இருக்கும் கியோட்டோவில் போட்டது. அது எங்கள் மலைக்கு ஏறி வரும்போது வேறு இடத்தில் விழுகிறது. தம்பியோடு எனக்கு உண்மையான சண்டை இதில்தான்: "வெளிவந்தது" என்றால் யாருக்கு?

கள்ளக் கொப்பி என்று திட்டுகிறவர்கள் திட்டலாம். விற்காத ஊரில் வாங்கவில்லை என்று குற்றம் சாட்டுவது எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

2025 மே 7

ரெசிடென்ட் ஈவில் 2 என்ற திகில் கேம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், ஜிபிஏவுக்கு ஒரு டெமோ இருந்தது. இத்தாலியின் ரேலைட் என்ற குழு செய்தது, டெமோவோடு நின்றது. பிளேஸ்டேஷனில் இரண்டு சிடியில் வந்த கேம் அது. நிண்டெண்டோ 64க்கு 64 மெகாபைட்டில் அடக்கியதையே அப்போது மந்திரம் என்றார்கள். ஜிபிஏ கேம் கசட்டுக்கு 32 மெகாபைட்தான் உச்சம். புரொசசர் 16.78 மெகாஹேர்ட்ஸ், முப்பரிமாணத்துக்கென்று தனிச் சில்லு கிடையாது. முழுக் கேமும் வந்திருக்கும் என்று கனவு காண்பவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

அதற்கு முந்தின கேம்பாய் கலருக்கும் முதலாவது ரெசிடென்ட் ஈவிலைக் கொண்டுவரப் பார்த்தார்கள். 2000இல் நிறுத்தினார்கள். 2012இல் அதன் ரொம், அதாவது கேம் அடங்கிய கோப்பு, வெளியே கசிந்தது. போனில் போட்டுப் பார்த்தேன். அந்த மாளிகையின் அறைகள் அப்படியே இருக்கின்றன, ஆள்தான் சில நேரம் எறும்பு அளவுக்குச் சிறுத்துப்போவான். நிறுத்தியவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

2025 மே 11

இன்று ஞாயிறு, மழை, வெளியே போக வழியில்லை. அதனால் நீளமாக எழுதுகிறேன்.

"வந்த கேம், ஆனால் எங்களுக்கு வராத மாதிரி" என்பதற்கு என்னிடம் இருக்கும் நல்ல உதாரணம் பொக்டாய். 2003இல் கொனாமி வெளியிட்டது, தயாரித்தவர் ஹிடியோ கொஜிமா. கசட்டிலேயே வெயிலை அளக்கும் சென்சார் உண்டு. வெயில் பட்டால்தான் ஹீரோவின் துப்பாக்கி சார்ஜ் ஆகும். இரத்தக் காட்டேரியைத் தோற்கடித்தால் மட்டும் போதாது. சவப்பெட்டியை வெளியே இழுத்து வந்து, சூரிய ஒளியில் ஓடும் மெஷினுக்கு நடுவில் வைத்துப் பொசுக்க வேண்டும். அதற்கு நிஜ வெயில் வேண்டும்.

இந்த கேமை நுவரெலியாவில் விளையாடிப் பார்த்திருக்கிறீர்களா? என் பெரியம்மா மகன் அங்கே. அவனிடம் அசல் கசட் இருந்தது, யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனது. காலையில் வாசலில் உட்கார்ந்தால் மீற்றரில் ஒரு கோடு ஏறும், பனிமூட்டம் வந்தால் அதுவும் இறங்கிவிடும். சவப்பெட்டியைப் பாதி தூரம் இழுத்து வந்திருப்பான், மேலே இருட்டும். "அண்ணா வெயில் வருது வாங்க" என்று அவன் கத்தினால் வீடே பதறும், துணி காயப்போட என்று நினைத்து பெரியம்மா முதலில் ஓடிவருவார்.

நாங்கள் பல்ப் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தோம், டோர்ச் அடித்துப் பார்த்தோம். ஏறவில்லை. அந்தச் சென்சார் வெயில் மாதிரிப் பலமான வெளிச்சத்துக்குத்தான் அசையும். தூரத்தில் எரியும் சாதாரண பல்ப் அதற்குப் போதாது. ஜன்னல் கண்ணாடியும் கொஞ்சத்தைத் தடுத்துவிடும், ஆகவே வீட்டுக்குள் சொகுசாக உட்காரவும் முடியாது. ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல். உயரம் கூடக் கூட வெயிலும் உறைக்கும். மூட்டம் விலகிப் பத்து நிமிஷம் சுள்ளென்று அடித்தால் மீற்றர் மளமளவென்று நிரம்பும். குளிராகவும் இருக்கும், முகமும் எரியும். மலையில் வளர்ந்தவர்களுக்கு இந்த வெயில் தெரியும்.

இன்னொரு விசேஷம். லைட் இல்லாத பழைய ஜிபிஏ திரை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் படம் காட்டும், நல்ல வெயிலில்தான் அது பளிச்சென்று தெரியும். சுரங்கத்தில் என்னைக் கொன்ற அதே திரை பொக்டாய்க்குச் சரியான சோடி. பிற்பாடு வந்த எஸ்பி மொடலில் முன்பக்க லைட் இருந்தும் பொக்டாய்க்கு அந்த லைட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை.

மூன்றாவது பாகம் 2005இல் ஜப்பானில் மட்டும் வந்தது. மற்ற நாடுகளுக்கு அது கைவிடப்பட்ட கேமா, வெளிவந்த கேமா? சென்சார் இல்லாமல் ஓட்டுவதற்கு ரசிகர்கள் பேட்ச், அதாவது கேமைத் திருத்தும் கோப்பு, செய்திருக்கிறார்கள், எம்ஜிபிஏ எமுலேட்டரில் வெயிலின் அளவை மெனுவிலேயே கூட்டிக் குறைக்கலாம். போர்வைக்குள் படுத்துக்கொண்டு நடுப்பகல் வெயில் வைத்து விளையாடினேன். முடித்தேன். வாசலில் உட்கார்ந்து விளையாடியதில் கால்வாசிச் சந்தோஷம்கூட இல்லை.

2025 மே 12

யாழ்ப்பாணத்து நண்பர்: "எங்களிட்ட வெயில் இருக்கு, கசட்தான் இல்லை." பரிமாற்றத்துக்குத் தயார்.

2025 மே 18

ஒரு வாரமாக யோசித்ததில், மே 6ஆம் திகதி எழுதியதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று பட்டது. கசிந்த ரொம் கையில் இருந்தால் அது "வந்த மாதிரி" என்று நான் சொல்வதாக இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் இல்லை.

டிடி கொங் பைலட்டைப் பிஎஸ்பியில் வைத்திருந்த காலத்தில் அதை விளையாடினேன் என்பதைவிட நோண்டினேன் என்பதே சரி. சில மெனுவில் கை வைத்தால் உறைந்துவிடும். எதிராளிகள் சில நேரம் சும்மா பறப்பார்கள். ஒரு கேமை முடிக்கும் கடைசி மாதங்களில் என்ன வேலை நடக்கிறது என்பது அதைப் பார்த்தால்தான் புரியும்: எவ்வளவு கடினம் என்று அளந்து வைப்பது, ஒவ்வொரு மூலையிலும் மாட்டிக்கொள்ளாமல் பார்ப்பது, தோற்றவனுக்கு இன்னொரு தரம் ஆடலாம் என்று தோன்ற வைப்பது. பிற்காலத்தில் பாஞ்சோ பைலட் கிடைத்தபோது, கரடி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கேம் பிடித்தது. யாரோ உட்கார்ந்து முடித்திருக்கிறார்கள் என்பது கையிலேயே தெரிந்தது.

ஆக, தம்பி சொல்லும் "உண்மையான சரக்கு" பாதியில் நின்ற கேமில் இருக்கலாம், ஆனால் அது மூட்டையாகவே இருக்கிறது.

இதற்கு நேர் எதிர் நிண்டெண்டோவின் மதர் 3 என்ற கதைக் கேம். நிண்டெண்டோ 64க்குச் செய்துகொண்டிருந்ததை 2000 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். அதோடு போயிருந்தால் இன்று "வந்திருந்தால்..." பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். ஆனால் ஜிபிஏவுக்குப் புதிதாகச் செய்து 2006 ஏப்ரலில் ஜப்பானில் வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் இன்றுவரை அதிகாரபூர்வமாக வரவில்லை. 2008இல் ரசிகர்கள் தாங்களே மொழிபெயர்த்து இலவசமாகக் கொடுத்தார்கள். ஹட்டன் கடை அண்ணனிடம் நான் பேட்சைக் கொண்டுபோனபோது "இதென்ன கேம், அடிதடி இல்லையா" என்றார். அடுத்த முறை போனால் அவரே பாதி தூரம் விளையாடியிருந்தார்.

ஒரே கேம் ஒரு மெஷினில் கைவிடப்பட்டது, இன்னொன்றில் வந்தது. ஒரு நாட்டில் வந்தது, மற்றதில் வரவில்லை.

2025 மே 18, சற்றுப் பிறகு

ஜப்பானுக்கே இது நடந்திருக்கிறது. அட்வான்ஸ் வார்ஸ் ஜப்பானியர் செய்தது. அமெரிக்காவில் 2001 செப்டெம்பர் 10 வந்தது. மறுநாள் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். போர்க் கேம் என்பதால் ஜப்பானில் தள்ளிப்போட்டார்கள், 2004 நவம்பரில் இரண்டாம் பாகத்தோடு சேர்த்து ஒரே கசட்டில்தான் வந்தது. 2022இல் அதன் புதுப் பதிப்பு வரவிருந்தபோது உக்ரைனில் சண்டை தொடங்கியது, மறுபடி ஒரு வருஷம் தள்ளிப்போனது. பொம்மைத் தாங்கிகள் பாவம்.

2025 ஜூன் 1

தம்பி மறுபடி வந்திருக்கிறார். "கம்பனிகள் பயந்தார்கள் என்பதை மட்டும் நீங்கள் மறுக்கவில்லை" என்கிறார். கவனமாகத்தான் வாசிக்கிறார்.

பயந்தார்கள், ஆனால் கேமைப் பார்த்து அல்ல, கசட்டைப் பார்த்து. சிடி அடிப்பது மலிவு. ஜிபிஏ கசட் என்றால் உள்ளே சில்லு, பலகை, சேவுக்கு இன்னொரு சில்லு. அளவு பெரிதானால் விலையும் ஏறும். விற்பதற்கு முன்பே மொத்தமாக ஓடர் கொடுத்துக் காசைக் கட்ட வேண்டும். விற்காவிட்டால் களஞ்சியத்தில் பிளாஸ்டிக். இப்படி இருக்கையில் யாருக்கும் தெரியாத ஹீரோவுக்கு யார் பணம் போடுவார்கள்? கார்ட்டூன் முகம் இருந்தால் அட்டையைப் பார்த்தே பிள்ளைகள் அழுது வாங்கும்.

ஷான்டே என்ற கேமின் அதே பெயர்க் கதாநாயகி அப்படித்தான் மாட்டினாள். முதல் கேம் கேம்பாய் கலரில் 2002இல் வந்தது. அப்போது ஜிபிஏ வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, பழைய மெஷினுக்கு யார் வாங்குவார்? விற்கவில்லை. ஜிபிஏவுக்கு இரண்டாம் பாகத்தைத் தொடங்கினார்கள், வெளியிட ஆள் கிடைக்காமல் 2004இல் வைத்துவிட்டார்கள். இந்த வருஷம், அதே குழு முடித்துக் கொடுக்க, ஷான்டே அட்வான்ஸ் நிஜமான ஜிபிஏ கசட்டாகவே வந்திருக்கிறது. இத்தாலியர்கள் செய்த கியென் என்ற கேமும் இப்படித்தான். 2002இல் தொடங்கியது, கசட் அடிக்க யாரும் துணியவில்லை, 2024இல் வந்தது. இருபது வருஷம் "கைவிடப்பட்டவை" பட்டியலில் இருந்த பெயர்கள் இப்போது பக்கம் மாறிவிட்டன. பட்டியலை அச்சடித்து வைத்திருந்தவர்கள் வெட்டி ஒட்ட வேண்டியதுதான்.

எனக்கு இதில் ஒரு சின்ன எரிச்சல் உண்டு. இன்று வரும் இந்தக் கசட்டுகள் சேகரிப்பவர்களுக்கு. முன்பதிவு, டொலரில் விலை, தபால் செலவு, பிறகு இங்கே வரி. கொட்டகலைக்கு வந்து சேரும்போது அந்த விலையில் ஒரு நல்ல போன் வாங்கலாம். 2004இல் வராதது போலவே 2025லும் எங்களுக்கு வரவில்லை. ஷான்டே மற்ற மெஷின்களுக்கும் உண்டு. அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கப்போகிறேன்.

2025 ஜூன் 3

பிஎஸ்பி பற்றிப் பேச்சு திரும்பியதால்: கிரான் டூரிஸ்மோவை 2004இல் பிஎஸ்பியோடு சேர்த்தே அறிவித்தார்கள், வந்தது 2009 ஒக்டோபரில். நடுவில் ஐந்து வருஷம். அந்த இடைவெளியில் எங்கள் கடை அண்ணன் வேறு ஏதோ கார் கேமை அந்தப் பெயரில் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அசல் வந்தபோது "இதுவா, இது பழசு" என்று வாங்காதவர்கள் இருந்தார்கள். நான் கதை விடவில்லை.

செயின்ட்ஸ் ரோ அண்டர்கவர் பிஎஸ்பிக்குச் செய்து கைவிட்டது. 2016இல் செயின்ட்ஸ் ரோ வரிசையைத் தொடங்கிய வொலிஷன் குழுவே பழைய பெட்டியில் கண்டெடுத்து எல்லோரும் இறக்கிக்கொள்ளக் கொடுத்தார்கள். கசிவு இல்லை, திருட்டு இல்லை, விற்பனையும் இல்லை. இதை நான் எங்கே போடுவது? அந்தக் குழு 2023இல் மூடப்பட்டுவிட்டது. கேம் இன்னும் இருக்கிறது, முடிவில்லாமல், நடுவில் தொங்கும் தெருக்களோடு.

2025 ஜூன் 14

நாவலப்பிட்டியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் ஷான்டே அட்வான்ஸ் கசட் மிக மலிவாகக் கிடைக்கிறதாம், வாங்கலாமா என்று.

வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அசல் என்று நினைத்து வாங்க வேண்டாம். பழைய நிண்டெண்டோ கசட் என்றால் அடிப்பக்கத் திறப்பில் தங்க நிறப் பற்களுக்கு மேலே, பலகையில் நிண்டெண்டோ என்று பொறித்திருக்கும். முன் லேபிளில் இரண்டு இலக்கம் அழுத்திப் பதித்திருக்கும், விரலால் தடவினால் தெரியும். ஷான்டேக்கு அந்தச் சோதனை சரிவராது, இது நிண்டெண்டோ தொழிற்சாலையில் அடித்ததல்ல. அதற்கு விலைதான் சோதனை. அந்த விலைக்கு அசல் வர வழியே இல்லை.

பொக்கேமொன் ரூபி, சபயர் பழைய கசட்டும் அங்கே இருப்பதாகச் சொல்கிறீர்கள். போட்டவுடன் உள் பற்றரி தீர்ந்துவிட்டது என்று எழுத்து வந்தால் பயப்படாதீர்கள். சேவ் அந்தப் பற்றரியில் இல்லை, பிளாஷ் சில்லில் இருக்கிறது. நின்றுபோவது கடிகாரம் மட்டும், நேரத்தை வைத்து நடக்கும் விஷயங்கள் நடக்காது. இருபது வருஷப் பழைய கசட்டில் அந்த எழுத்து வருவது சகஜம், ஆனால் அதை வைத்து அசல் என்று முடிவு கட்ட வேண்டாம், பற்றரியே இல்லாத கள்ளக் கொப்பியிலும் அது வரும். வாங்குவதற்கு முன் கடையிலேயே போட்டு, ஒரு சேவ் செய்து, அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.